நூற்றாண்டு விழாவுக்கு முன் எழுதவேண்டிய பெயரேடு

(திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இலங்கைத் தீவிலே இருபத்தொரு வயது நிரம்பிய ஸ்திரீகள், படித்தவர் படியாதவர் என்றும் பொருளுடையார் பொருளற்றார் என்றும் பிரிக்கப்படாமல், ஆடவரோடு ஒத்த உரிமை பூண்டு வாக்களிப்பு நிலையத்தினுள் முதன்முதலாகக் கால்வைத்தது 1931ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே. அதற்கு முன்பு இந்நாட்டுச் சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேருக்கே வாக்கு இருந்தது. அந்நால்வருள் ஒருவரேனும் பெண்ணல்லர். பிரித்தானியப் பேரரசின் ஆசியக் குடியேற்ற நாடுகளுள் சர்வஜன வாக்குரிமை முதலில் வந்தது இங்கேதான் என்பதையும், பிரித்தானியப் பெண்களுக்கே ஆண்களோடு சமமான வயதில் வாக்குக் கிடைத்தது அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1928இல்தான் என்பதையும் சேர்த்து எண்ணினால், 2031ஆம் ஆண்டில் நாம் கொண்டாடப்போகும் நூற்றாண்டின் பெருமை விளங்கும். அந்த விழாவை எவ்வாறு ஆயத்தம் செய்யவேண்டும் என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். ஊர்வலம், மேடை, முத்திரை வெளியீடு ஆகியவற்றை அரசாங்கம் தன் வழக்கப்படி செய்யும். அதில் நம் யோசனைக்கு அதிக இடமில்லை. இம்மேட்டிலிருந்து துறைமுகத்தைப் பார்த்து வாழும் நாம், நம் மாவட்டத்துக்கென்று செய்யவேண்டியது வேறொன்று உண்டு என்று நான் கருதுகிறேன்.

முதலில் இந்த உரிமை வந்த வரலாற்றைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். ஏனெனில் அது வெள்ளையர் மனமிரங்கி அளித்த கொடை என்னும் அபிப்பிராயம் இன்றும் நம்மவரிடையே இருக்கிறது. டொனமூர்ப் பிரபுவின் தலைமையிலான அரசியல் யாப்புச் சீர்திருத்த ஆணைக்குழு 1927 நவம்பரில் கொழும்பை அடைந்தது. அடுத்த மாதமே மாதர் வாக்குரிமைச் சங்கம் அங்கே தோன்றிவிட்டது. கண்டியைச் சேர்ந்த அரசியல்வாதி ஒருவரின் மனைவியாகிய ஆக்னஸ் டி சில்வா அதன் செயலாளர். கனடாவிற் பிறந்து, தமிழரொருவரை மணந்து, இந்நாட்டுப் பெண்களுக்கு வைத்தியம் செய்வதையே வாழ்க்கையாக்கிக்கொண்ட டாக்டர் மேரி இரத்தினம் அதன் தூண்களுள் ஒருவர். கல்வியோ சொத்தோ உடைய பெண்களுக்கு வாக்குரிமை அளித்தாற் போதும் என்பதே அவர்கள் முதலிற் கொண்டிருந்த கோரிக்கை. ஆயினும் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளிக்கச் சென்றபோது, தோட்டங்களிற் கூலிவேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமென்கிறீர்களா என்று டொனமூர்ப் பிரபு வினவ, அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்று தயங்காமல் விடையளித்ததாக ஆக்னஸ் டி சில்வா பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அந்த விடையை மனத்திலே வைத்துக்கொள்ளுமாறு உங்களை வேண்டுகிறேன். இன்று நான் சொல்லவிருப்பதெல்லாம் அதிலிருந்தே பிறக்கிறது. ஆணைக்குழு முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வாக்குரிமையைச் சிபாரிசு செய்தது. பின்னர் அவ்வயது குறைக்கப்பட்டு ஆணுக்கும் பெண்ணுக்கும் இருபத்தொன்றாயிற்று.

தமிழரிடையே இதற்கு எதிர்ப்பும் இருந்தது, ஆதரவும் இருந்தது. யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் 1913ஆம் ஆண்டு பெண்களுக்கென்றே கல்லூரி கண்ட சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள், பெண்களுக்கு வாக்குரிமை அளிப்பதை முற்றாக எதிர்த்தார். பெண்ணுக்குக் கல்வி வேண்டும் என்று தம் செல்வத்தை வாரி வழங்கிய ஒரு மகான், கற்ற பெண்ணுக்கு இராச்சிய காரியத்தில் அபிப்பிராயம் வேண்டாம் என்று கருதியதை அவர் காலத்தின் குறையென்று கூறிக் கடந்துவிட எனக்கு மனமில்லை. ஏனெனில் அதே காலத்தில், அதே யாழ்ப்பாணத்தில், மங்களம்மாள் மாசிலாமணி ‘தமிழ்மகள்’ என்னும் பத்திரிகையை நடத்திப் பெண்ணுரிமைக்காக வாதாடிக்கொண்டிருந்தார். கொழும்பிலே மீனாட்சி அம்மாள், தம் கணவர் கோ. நடேசய்யரின் ‘தேசபக்த’னில், வாக்குரிமை உட்படப் பெண்களின் உரிமைகளைப் பற்றி எழுதினார், பின்னாளில் தோட்டத் தொழிலாளரிடையே சென்று அவர்களுக்காகப் பாடல்களும் புனைந்தார். பாக்குநீரிணைக்கு அப்பாலே சென்னைச் சட்டசபை 1921இலேயே, சொத்துத் தகுதியுடைய பெண்களுக்காயினும், வாக்குரிமை வழங்கிவிட்டது. ஆகவே தமிழ்ப் பெண்கள் இதைக் கேளாமற் பெற்றார்கள் என்று யாரேனும் கூறின், அவர் அக்காலத்துத் தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டிப் பாராதவர்.

இனி, எந்த நாளைக் கொண்டாடுவது? விழாவுக்குத் திட்டமிடுவோர் முதலில் எதிர்கொள்ளும் வினா இது. எளிதாகத் தோன்றினும் இதன் விடை எளிதன்று. டொனமூர்த் திட்டத்தைச் சட்டநிரூபண சபை பத்தொன்பது வாக்குகளுக்குப் பதினேழு என்னும் மிக மெல்லிய பெரும்பான்மையால் ஏற்றுக்கொண்ட 1929 டிசம்பர் மாதத்தைக் கொள்வதா, தேர்தல் நடந்த 1931 ஜூன் மாதத்தைக் கொள்வதா, புதிய அரசாங்க சபை கூடிய ஜூலை மாதத்தைக் கொள்வதா? கொழும்பிலிருந்து பார்ப்பவர்க்கு இவற்றுள் எதுவும் பொருந்தும். ஆனால் 1931 ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒரு பெண்ணும் வாக்களிக்கவில்லை, ஆணும் அளிக்கவில்லை. பூரண சுயராச்சியம் தராத யாப்பை ஏற்கலாகாது என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் முழங்கிய பகிஷ்காரத்தால் அத்தொகுதிகளில் வேட்பாளரே இல்லாதுபோய், 1934ஆம் ஆண்டில்தான் அவ்விடங்கள் நிரம்பின. அவ்வாலிபரின் இலட்சியம் உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், அப்பொழுதுதான் வாக்குரிமை பெற்ற பெண்களின் முதல் வாக்கு, அவர்களுடைய அபிப்பிராயம் கேட்கப்படாமலேயே, மூன்றாண்டுகள் ஒத்திவைக்கப்பட்டதை அந்த வரலாற்றை எழுதியோர் போதிய அளவு கவனிக்கவில்லை. பகிஷ்காரம் கிழக்கை எட்டவில்லை. ஆகவே வடக்கிலுள்ள பெண்ணுக்கும் கிழக்கிலுள்ள பெண்ணுக்கும் நூற்றாண்டு ஒரே நாளில் நிறைவதில்லை.

ஒரு ஜூபிலியை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். 1981ஆம் ஆண்டு சர்வஜன வாக்குரிமையின் பொன்விழாவை அரசாங்கம் வெகு விமரிசையாகக் கொண்டாடியது, முத்திரைகள் வெளிவந்தன, அக்டோபர் மாதத்தில் இரண்டாம் எலிசபெத் மகாராணியாரே விழாவுக்கு எழுந்தருளினார். அதே ஆண்டு மே மாதத்தின் கடைசி இரவிலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. அதன் சாம்பல் ஆறுமுன்னர், ஜூன் 4ஆந் தேதி, மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் யாழ்ப்பாணத்தில் முறைகேடுகளோடு நடந்தேறியது. வாக்குப்பெட்டிகள் சில காணாமலும் போயின. மறு ஆண்டு டிசம்பரிலே, பொதுத்தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வஜன வாக்கெடுப்பு நடத்தி, 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுள் நீட்டப்பட்டது. 1977ஆம் ஆண்டுத் தேர்தல் முடிந்த மறுமாதம் பதினெட்டு வயது நிரம்பிய ஒரு பெண், தன் முதலாவது பொதுத்தேர்தலைக் கண்டது 1989இல். அப்பொழுது அவளுக்கு முப்பது வயதை எட்டும் பருவம். வாக்குரிமையைப் போற்றி விழா எடுத்த கையோடு வாக்கைத் தள்ளிப்போட்ட அந்த அனுபவம், 2031க்கு ஆயத்தம் செய்வோர் மறக்கக்கூடாத பாடம்.

ஆக்னஸ் டி சில்வாவின் விடையை மனத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டேன். அந்த விடையில் குறிக்கப்பட்ட பெண்களுக்கு என்ன நேர்ந்தது? 1931ஆம் ஆண்டு மலையகத்துத் தோட்டமொன்றில் இருபத்தொரு வயது நிரம்பிய ஒரு தொழிலாளப் பெண்ணை எண்ணிப்பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பேர்கொடுத்துவிட்டு மலையேறிக் கொழுந்து பறிப்பவள். லயத்துக் காம்பராவில் பிள்ளை வளர்ப்பவள். இந்தியத் தமிழருக்கென்று விதிக்கப்பட்ட நிரந்தரவாசம் முதலிய நிபந்தனைகளையெல்லாம் தாண்டி அவள் வாக்காளர் இடாப்பில் ஏறினாள் என்று வைத்துக்கொண்டால், இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்ற 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் அவளுக்கு வயது முப்பத்தேழு. அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவளை நாடற்றவளாக்கியது. 1949இல் தேர்தற் சட்டத்துக்குச் செய்த திருத்தம் அவள் பெயரை இடாப்பினின்றும் நீக்கியது. இந்நாடற்றோரை இலங்கைக்கும் இந்தியாவுக்குமாகப் பிரித்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையொப்பமான 1964இல் அவளுக்கு ஐம்பத்துநான்கு. அவ்வொப்பந்தத்தின்படி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டபோது, அவளும் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியிருக்கலாம். இறங்காமல் இங்கேயே இருந்திருந்தால், எஞ்சிய நாடற்றோருக்கெல்லாம் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்த 2003இல் அவளுக்குத் தொண்ணூற்றுமூன்று வயது. அவளுடைய நீண்ட ஆயுளில் வாக்கு அவள் கையிலிருந்தது மிஞ்சினால் பதினெட்டு ஆண்டு. 1931இல் வந்த உரிமை இடையறாது நூறாண்டு நிலைத்தது என்று விழாமேடையில் யாரேனும் கூறுவாராயின், அவர் இந்தப் பெண்ணைக் கணக்கிற் சேர்க்கவில்லை என்பதே பொருள். கலவரங்களுக்கு அஞ்சி மலையகம் விட்டு வவுனியாவிலும் திருகோணமலையிலும் வந்து குடியேறிய குடும்பங்கள் நம் அயலிலேயே இருக்கின்றன. அவர்களுக்கு இது பாடப்புத்தகத்துச் செய்தியன்று, பாட்டியின் கதை.

பிற நாடுகள் இத்தகைய நினைவை எவ்வாறு பேணின என்று பார்ப்பது நமக்குப் பயன்தரும். அமெரிக்காவில் பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்த மூவரின் சிலையை 1921ஆம் ஆண்டு அந்நாட்டுச் சட்டசபைக் கட்டடத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அது உடனே நிலவறைக்கு இறக்கப்பட்டு, எழுபத்தாறு ஆண்டுகளின் பின்னரே மேலே வந்தது. நியூயோர்க் நகரத்துப் பூங்காவில் 2020இல் வாக்குரிமை நூற்றாண்டு நினைவாகத் திறந்துவைத்த சிலையில் முதலில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்களே இருப்பதாகத் திட்டம். கறுப்பினப் பெண்களின் பங்கு எங்கே என்ற எதிர்ப்பு எழுந்த பின்னரே, அடிமையாகப் பிறந்து விடுதலைக்காகவும் வாக்குக்காகவும் பேசிய சோஜர்னர் ட்ரூத் அங்கே இடம்பெற்றார். யாரைச் சேர்ப்பது என்னும் வினாவைச் சிற்பி உளியெடுத்த பின்பு கேட்கும் நாடுகள் இவ்வாறே இடர்ப்படுகின்றன.

நியூசிலாந்து செய்தது எனக்கு மிகவும் உவப்பானது. 1893ஆம் ஆண்டு, உலகிலேயே முதலாவதாகத் தேசியத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை அளித்த அந்நாட்டில், கேட் ஷெப்பர்ட் முதலியோர் திரட்டிய விண்ணப்பத்தின் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பெருஞ்சுருளாக்கிப் பாராளுமன்றத்து நடுவே உருட்டிவிட்டார்கள். அச்சுருளை எறிந்துவிடாமற் காத்து, இன்று வெலிங்டன் தேசிய நூலகத்தில் நாட்டின் மூலப் பத்திரங்களோடு ஒருங்கு வைத்திருக்கிறார்கள். தையற்காரியும் வீட்டு வேலைக்காரியும் சீமாட்டியும் அதிலே தம் கையாலேயே ஒப்பமிட்டிருக்கிறார்கள். பேத்தியின் பேத்தி இன்று சென்று தன் பாட்டியின் கையெழுத்தைத் தேடலாம். உரிமை என்பது யார் பெயரால் வந்ததோ அவர்களுடைய பெயர்களே அதன் ஞாபகச்சின்னம் என்னும் எண்ணம் அதில் இருக்கிறது.

இனி நம் மாவட்டத்துக்கு வருகிறேன். திருகோணமலை மாவட்டத்திற் பதினொரு பிரதேச செயலாளர் பிரிவுகள் உள்ளன. ஒவ்வொரு பிரிவிலும் 1931இலும் அதற்குப் பின்னரும் முதன்முதலாக வாக்களித்த பெண்களின் பெயர்களையும், வாக்களிக்கவேண்டியிருந்தும் அளிக்கமுடியாதுபோன பெண்களின் பெயர்களையும் ஊர் ஊராகச் சேகரித்து ஒரு பெயரேடாகத் தொகுப்பதே 2031க்குள் நாம் செய்யவேண்டிய வேலை என்று முன்மொழிகிறேன். சிலை எழுப்ப நினைப்போரைத் தடுக்கமாட்டேன். ஆனால் சிலைக்கு ஒரு முகம் வேண்டும். நம் மாவட்டத்தில் தமிழ்ப் பெண்ணின் முகமா, மூதூர், கிண்ணியா முஸ்லிம் பெண்ணின் முகமா, சேருவில, கந்தளாய்ச் சிங்களப் பெண்ணின் முகமா என்ற சச்சரவிலே நூற்றாண்டே கழிந்துவிடும். பெயரேட்டிலோ எல்லாருக்கும் ஒவ்வொரு வரி உண்டு.

இவ்வேலையைத் தாமதிக்க முடியாது. 1931இல் வாக்களிக்கும் வயதை எட்டியவர்கள் 1910ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ பிறந்தவர்கள். அவர்களுள் ஒருவரும் இன்றில்லை. அவர்களுடைய பெண்மக்களிற் சிலர் இன்னும் இருக்கிறார்கள். வயது எண்பதைக் கடந்தவர்கள், தொண்ணூற்றை எட்டியவர்கள். அம்மா வாக்குப்போடப் போன கதையை அம்மாவின் வாயாற் கேட்ட கடைசித் தலைமுறை அவர்களே. அக்காலத்தில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் ஒதுக்கி, அந்நிறப் பெட்டியில் வாக்குச்சீட்டை இடுவித்தார்கள். எழுத்தறியாத தாய்மார் நிறத்தைப் பார்த்தே வாக்களித்தனர். ‘உங்கள் அம்மா எந்த நிறப் பெட்டியிலே போட்டா?’ என்று ஒரு மூதாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். ஏட்டிலில்லாத ஒரு தேர்தலே அவர் நாவில் எழும். மாட்டுவண்டி யார் கொடுத்தார்கள், கணவன்மார் என்ன சொல்லி அனுப்பினார்கள், அதை மீறி வாக்களித்தவர்கள் எவர், வீட்டைவிட்டுப் போகலாகாது என்று மறித்தவர்கள் எவர் என்பனவெல்லாம் அக்கேள்வியின் பின்னே வரும்.

இதைச் செய்யவேண்டியவர்கள் யார் என்றால், ஊர்தோறும் இருக்கும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் என்பேன். டாக்டர் மேரி இரத்தினம், வாக்குரிமை கிடைத்த அக்காலத்திலேயே, கிராமப் பெண்களுக்கான லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார்; வாக்கு கிடைத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை என்று கண்ட தீர்க்கதரிசனம் அது. நம் நகரத்திலே 1923ஆம் ஆண்டு, பெண்கள் வாக்குப் பெறுவதற்கு எட்டாண்டு முன்னரே, தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் பெண்பிள்ளைகளுக்கென்று பாடசாலை ஒன்றை நிறுவினார். இன்று அது ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. ஒரு பெண்மணி தம் பொருளாலும் முயற்சியாலும் நிறுவிய பள்ளியின் மாணவிகள், சங்கத்துத் தாய்மாரோடு சேர்ந்து, தத்தம் ஊரின் மூதாட்டியரிடம் சென்று கேட்டு எழுதுவார்களாயின், அதைவிடச் சிறந்த சரித்திரப் பாடம் அவர்களுக்கு வேறு வாய்க்காது. கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள முஸ்லிம் மகளிர் பாடசாலைகளும், கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களப் பாடசாலைகளும் தத்தம் மொழியிலே, தத்தம் ஊரிலே இதைச் செய்யவேண்டும். ஒருவர் மற்றவருக்காக எழுதலாகாது.

வாக்களிக்கமுடியாதுபோனவர்களின் பகுதியே இப்பெயரேட்டிற் கடினமானது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் வீட்டோடு அடையாள அட்டையையும் பறிகொடுத்தவர்கள் நம் கரையோரம் எங்கும் உண்டு. 2006ஆம் ஆண்டு போருக்கு அஞ்சிச் சம்பூரிலிருந்து ஓடிய பெண்கள் கிளிவெட்டி முதலிய முகாம்களிலே வருடக்கணக்காகக் கிடந்து, 2015இலும் அதன் பின்னருமே தம் நிலத்தை மிதித்தார்கள். அத்தனை வருடமும் அவர்களுடைய பெயர் எந்த ஊர் இடாப்பில் இருந்தது, எந்தத் தேர்தலில் எங்கே சென்று வாக்களித்தார்கள், எதில் அளிக்கமுடியாது போயிற்று என்று அவர்களே சொல்லி எழுதவேண்டும். கணவன் காணாமலாக்கப்பட்ட பின், குடும்பத் தலைவி என்று இடாப்புப் படிவத்தில் முதன்முறையாகத் தன் பெயரை எழுதிய பெண்ணுக்கு அந்த வரி என்னவாக இருந்தது என்பதும் வாக்குரிமை வரலாற்றில் அடங்கியதே.

சிலர், இப்பொழுது பெண்களுக்கு வாக்கு இருக்கிறது, ஆசனங்கள் இல்லை, பழங்கதை எதற்கு என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. 1931 நவம்பரில் றுவன்வெல்ல இடைத்தேர்தலில் அடலின் மொலமூரேயும், 1932இல் வடகொழும்பில் நேசம் சரவணமுத்துவும் அரசாங்க சபைக்குத் தெரிவானார்கள். முன்னவர் தந்தையின் இடத்துக்கு, பின்னவர் கணவரின் இடத்துக்கு. தொண்ணூறாண்டு கடந்த பின்னரும் பாராளுமன்றத்தில் பெண்களின் தொகை பத்தில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கிறது. உள்ளூராட்சி மன்றங்களில் நூற்றுக்கு இருபத்தைந்து என்னும் ஒதுக்கீடு 2018ஆம் ஆண்டுத் தேர்தலில்தான் நடைமுறைக்கு வந்தது. அவ்வொதுக்கீட்டால் இன்று மன்றங்களில் அமர்ந்திருக்கும் நம் மாவட்டத்துப் பெண்களே இப்பெயரேட்டுக்கு முதற்பணம் ஒதுக்கும் பிரேரணையைக் கொண்டுவரத் தகுந்தவர்கள். அப்படிக் கொண்டுவருவார்களாயின், பழங்கதையும் இன்றைய ஆசனமும் ஒரே அலுவலில் சந்திக்கும்.

நாளைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். தேசிய விழா ஜூன் மாதமோ ஜூலை மாதமோ நடக்கட்டும். ஒவ்வொரு பிரதேசமும் தன் பெண்களின் வரலாற்றுக்கு ஏற்ற நாளைத் தானே தெரிந்து, தன் பெயரேட்டை அன்று பொதுவில் வாசிக்கட்டும். மலையகத்திலிருந்து வந்தோர் வாழும் ஊர்களில் பிரஜாவுரிமை மீண்ட நாளை வைத்துக்கொள்ளலாம். சம்பூரில் மீள்குடியேறிய பின் முதலில் வாக்களித்த நாளை வைத்துக்கொள்ளலாம். வாசிப்பு ஒரு நாளில் முடியாவிட்டால் இரண்டு நாளாக நடக்கட்டும்.

பெயரேட்டை ஒரே இடத்தில் வைக்கக்கூடாது. யாழ்ப்பாண நூலகத்தை இழந்த நாம் இதில் அசட்டையாக இருத்தல் தகாது. தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, பதினொரு பிரிவுகளின் பொது நூலகங்களிலும் ஒவ்வொரு பிரதி, கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் ஒன்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஒன்று, கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒன்று என வைக்கவேண்டும். மூதாட்டியரின் குரற்பதிவுகளையும் அவ்வாறே பலவிடங்களிற் காக்கவேண்டும். இவ்வறக்கட்டளையின் பொறுப்பாளர்கள் இசைவார்களாயின், முதற்கூட்டத்தை இதே மண்டபத்தில் கூட்டி, மாதர் சங்கங்களின் பிரதிநிதிகளை மூன்று சமூகத்திலிருந்தும் அழைத்து, எந்த ஊரில் எந்த மூதாட்டியரைக் கேட்பது என்னும் பட்டியலை இவ்வாண்டிலேயே எழுதத் தொடங்கிவிடலாம்.